உஷார்! பாசியைக் கொல்லப் போய் மீனைக் கொன்றுவிடாதீர்கள்

மீன் தொட்டிக்குள் பச்சையாக, வழுவழுவென்று ஏதோ படர ஆரம்பித்திருக்கிறதா? பதறிப்போய்க் கடைக்கு ஓடி ஒரு மருந்துப் பாட்டில் வாங்கி வந்துவிட்டீர்களா? அதைத் திறக்காமல் அப்படியே பரண்மேல் வையுங்கள். இன்று ராத்திரி அதை ஊற்றினால் நாளை காலையில் பாசியும் இருக்காது, மீனும் இருக்காது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் கத்திரி வெயில் தொடங்கினால் மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் இதே கதைதான். வெயில் ஏற ஏறத் தொட்டிகளில் பாசி பிடிக்கிறது. கடையில் போய்க் கேட்டால், "ஒரு மூடி ஊத்துங்க சார், காலைல பளிச்சுனு ஆயிடும்" என்கிறார்கள். வாங்கி வந்தவர் படுக்கப் போகுமுன் ஒரு மூடி ஊற்றிவிட்டு விளக்கை அணைக்கிறார். காலையில் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கிறது. மீன்கள் மட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. நான் பார்த்தவரையில் பாசியால் செத்த மீன்களைவிட, பாசிக்கு ஊற்றிய மருந்தால் செத்த மீன்கள்தான் அதிகம். வீட்டுத் தொட்டியில் வரும் பாசி பெரும்பாலும் கண்ணுக்கு உறுத்தல்தானே தவிர, மீன்களை உடனே கொல்லும் விஷயம் அல்ல. யோசித்துச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மருந்து ஊற்றிய ராத்திரியில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாசி மொத்தமாகச் சாகிறது, அழுகுகிறது. அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. விளக்கு அணைந்துவிட்டதால் செடிகளும் ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்திவிட்டு எடுக்கத் தொடங்குகின்றன. நன்னீர் 25 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். மே மாதத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சூடு கூடும்போது மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. இருப்பு குறைந்து தேவை கூடிய அந்த நேரத்தில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால், விடியும்வரை தாங்காது.

இரண்டாவது ஆபத்து அமோனியா. அழுகும் பாசியிலிருந்து அது வெளியாகிறது. மற்ற நாட்களில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நாம் ஊற்றும் மருந்துகளில் பல இந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அடிக்கின்றன. அமோனியாவை வாரிப்போட ஆளில்லாத நேரத்தில்தான் அது அதிகமாக வருகிறது. பிஎச் அளவு 7 உள்ள தண்ணீரைவிட 8 உள்ள தண்ணீரில், அதே அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. உப்புச் சேர்ந்த, பிஎச் ஏறிய போர் தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. இன்னொருவர் வீட்டுத் தொட்டியில் ஒன்றும் ஆகாத அதே மருந்து உங்கள் வீட்டில் மொத்த மீனையும் வாரிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில், வந்திருப்பது என்ன?

பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காது. அதனால் மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் தொட்டிக்குள் கையை விட்டு (பிளக்கைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு) கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

நீலம் கலந்த பச்சை, சில சமயம் கறுப்பை ஒட்டிய பச்சை. சரளைமேலும் இலைமேலும் ஒரே படலமாகப் போர்த்தியிருக்கிறது. விரலால் நெம்பினால் பாலாடை போல முழுசாகக் கழன்று வருகிறது. மத்தியான வெளிச்சத்தில் பார்த்தால் படலத்துக்கு அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கின்றன. மூக்கருகே கொண்டுபோனால் ஈர மண்ணும் அழுகலும் கலந்த ஒரு முடை நாற்றம். ஜன்னல் பக்கக் கண்ணாடியில், சரளைக்குள்ளேயே ஒரு பட்டையாக ஓடுகிறது. இவ்வளவும் பொருந்தினால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் அது பாக்டீரியா வகை. வெளிச்சத்தைச் சாப்பிட்டு வாழும் பாக்டீரியா. இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு வைத்துவிடுங்கள். அது செத்து அழுகும்போது தண்ணீர் லேசாக நீலம் பூசிக்கொள்வதுண்டு. அதற்கே உரிய நீல நிறமி அது.

கண்ணாடியில் ஒட்டி, நகத்தால் சுரண்டினால்தான் வரும் பச்சைப் புள்ளிகளுக்கு மருந்தே தேவையில்லை; பழைய ஏடிஎம் கார்டு போதும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பிடிக்கும் பழுப்புத் தூசி டயாட்டம் வகை; துடைத்துவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். இலை ஓரத்தில் கறுப்புத் தாடியாக, பிய்த்தாலும் வராமல் நிற்பது சிவப்புப் பாசி இனம். அது பிடித்த பழைய இலைகளை வெட்டி எறிவதுதான் நல்லது. தண்ணீரே பச்சைச் சாயமாகிவிட்டால் அது மிதக்கும் ஒற்றைச்செல் பாசி. இங்கேதான் மிகப் பெரிய ஆபத்து. தொட்டி முழுக்கக் கலந்திருக்கும் கோடிக்கணக்கான செல்களை ஒரே ராத்திரியில் மருந்தால் கொன்றால், அத்தனையும் ஒரே நேரத்தில் அழுகும். பச்சைத் தண்ணீருக்கு ஃபில்டரோடு இணைக்கும் யுவி விளக்கு அல்லது சில நாள் இருட்டு. வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு மூடி என்பது எத்தனை மில்லி?

சென்னை கொளத்தூரில் வார இறுதியில் நடந்தால் வண்ணமீன் கடைகளில் கிடைக்காத பொருளில்லை. நல்ல பொருள்களும் இருக்கின்றன. ஆனால் உள்ளே என்ன வேதிப்பொருள், எத்தனை சதவீதம் என்று எழுதாத நீலப் பாட்டிலும் பச்சைப் பாட்டிலும் எந்த ஊர்க் கடையிலும் உங்கள் கண்ணில் படும். வேதிப்பொருளின் பெயர் இல்லாத எதையும் வாங்காதீர்கள். "எல்லாரும் இதுதான் சார் வாங்குறாங்க" என்பது பதில் அல்ல. மூடிக்கு மூடி அளவு வேறு. சிலது 2 மில்லி பிடிக்கும், சிலது 10 மில்லி பிடிக்கும். மெடிக்கல் கடையில் ஐந்தாறு ரூபாய்க்கு ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும். தொட்டிக்குள் போகும் எதையும் அதில்தான் அளக்க வேண்டும்.

தொட்டியின் அளவிலும் இதே ஏமாற்றம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி என்றால் கணக்குப்படி 56 லிட்டருக்கு மேல் வரும். ஆனால் உள்ளே 2 அங்குலம் சரளை, மேலே விளிம்புவரை நிரப்பாமல் விட்ட இடைவெளி, கல், மரக்கட்டை எல்லாம் போக உண்மையான தண்ணீர் 40 லிட்டரைத் தாண்டினாலே அதிகம். 56 லிட்டருக்கான மருந்தை 40 லிட்டரில் ஊற்றுவது 40 சதவீதம் கூடுதல். அடுத்த முறை தொட்டியைக் கழுவி நிரப்பும்போது எத்தனை பக்கெட் ஊற்றினீர்கள் என்று எண்ணித் தொட்டியின் பின்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். இணையத்தில் வெளிநாட்டுக்காரர் சொல்லும் கேலனிலும் கவனம் தேவை. அமெரிக்கக் கேலன் 3.8 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.5 லிட்டர்.

இதைவிட மோசமான வலை ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளிநாட்டு வீடியோக்களில் பாசிக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். தவறில்லை, சரியாகப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆனால் அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசலை. உங்கள் தெரு மெடிக்கலில் புண் கழுவ வாங்கும் பாட்டிலைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படியுங்கள். '20 வால்யூம்' என்று போட்டிருந்தால் அது சுமார் 6 சதவீதம். அதாவது இரண்டு மடங்கு. வீடியோவைப் பார்த்து அளவை அப்படியே ஊற்றினால் இறாலும் நத்தையும் முதலில் போகும், அடுத்து டெட்ரா, கோரிடோராஸ் போன்ற மீன்கள். கெமிக்கல் கடைகளில் 30, 50 சதவீதக் கேன்களும் விற்கிறார்கள். அதைத் தொட்டியருகே கொண்டுபோகவே கூடாது. கையில் பட்டால் தோலே வெந்துவிடும். தலைமுடிச் சாயத்தோடு வரும் டெவலப்பரிலும் பெராக்சைடு இருக்கிறது, கூடவே மீனுக்கு ஆகாத வேறு பல சரக்கும் இருக்கிறது. அதுவும் வேண்டாம்.

மயில்துத்தம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. காப்பர் சல்பேட் குளத்துப் பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். மீன் பண்ணைக்காரர்கள் அதைத் தண்ணீரின் காரத்தன்மையை அளந்து, அந்த எண்ணை 100 ஆல் வகுத்து, லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் போடுவார்கள். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் தொடவே மாட்டார்கள். நம் வீடுகளில் டிஸ்கஸுக்கும் டெட்ராவுக்கும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறோம். அதில் காரத்தன்மை அநேகமாக இருக்காது. அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் அது நேரடி விஷம். இறாலுக்கும் நத்தைக்கும் எந்தத் தண்ணீரிலும் அது எமன். தாமிரம் சரளையில் ஒட்டிக்கொண்டு பின்னால் மெல்ல மெல்லக் கசியும் என்பதால், பிறகு புதிதாக விடும் இறாலும் ஏன் சாகிறது என்றே தெரியாமல் செத்துக்கொண்டிருக்கும்.

கல்லுப்பை அள்ளிப் போடுவது, படிகாரத்தைக் கலக்குவது, பிளீச்சிங் பவுடரை மீன் இருக்கும்போதே தூவுவது எல்லாம் வேண்டாத வேலைகள். காலித் தொட்டியைப் பிளீச்சில் கழுவுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: அதோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். எழும்பும் குளோரின் வாயு உங்கள் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

பாசி தின்ன மீன் விடலாமே என்பார்கள். 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். சயனோபாக்டீரியாவை அது சீந்தாது. தன் கழிவால் தொட்டியை இன்னும் அழுக்காக்கும். வளர்ந்து இடம் போதாமல் போனதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விட்ட மீன்கள்தான் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் கேரளாவிலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. ஓர் உயிரை வாங்கி வந்து கடைசியில் ஏரிக்கே எதிரியாக்குவதா?

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. எரித்ரோமைசின் சயனோபாக்டீரியாவை அடிக்கும், அது நிஜம். அதனால்தான் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் கரைக்கும் யோசனை ஊர் ஊராகப் பரவுகிறது. ஆனால் அது இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் மனிதர்களுக்குத் தரும் மருந்து. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்து வகையை மனித வைத்தியத்துக்கு மிக முக்கியமானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியாவில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. அதைத் தொட்டியில் கரைத்து, வாராவாரம் சாக்கடையில் கொட்டினால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை நாமே வளர்த்துவிடுகிறோம். இதையெல்லாம் செய்தும், வெளிச்சமும் அழுக்கும் அப்படியே இருந்தால் சில வாரங்களில் அந்தப் பச்சைப் படலம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஒழிய இந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் உடம்பும் முக்கியம்

ரப்பர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சயனோபாக்டீரியா பிடித்த தொட்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இந்த இனத்தில் எல்லாமே விஷமல்ல. சத்துணவாக விற்கும் ஸ்பைருலினாவும் இதே இனம், வயலில் விடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து நைட்ரஜன் சேர்ப்பதும் இதே இனம். ஆனால் சில வகைகள் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நச்சைச் சுரக்கின்றன. 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு இருந்ததால், லட்சக்கணக்கானவர்களிடம் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. கொதிக்க வைத்தால் அந்த நச்சு அழியாது. 2020இல் போட்ஸ்வானாவில் 300க்கும் மேற்பட்ட யானைகள் செத்தபோது, குட்டைகளில் இருந்த சயனோபாக்டீரியா நச்சுதான் காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. உங்கள் தொட்டியில் வந்திருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் வாயை வைக்காதீர்கள். கையால் அமுக்கி இறைக்கும் சைஃபன் பம்ப் வாங்குங்கள். இறைத்த தண்ணீர் நிற்கும் பக்கெட்டில் நாயோ பூனையோ வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

கையில் வெட்டுக்காயமோ கீறலோ இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விடக் கூடாது. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி மீன் தொட்டிகளில் உண்டு. காயம் வழியே உள்ளே போனால், சில வாரம் கழித்து விரலிலும் புறங்கையிலும் ஆறாத கட்டிகள் கிளம்பும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். அப்படிக் கட்டி வந்து டாக்டரிடம் போனால், "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு இந்தக் கிருமி மேல் சந்தேகமே வராது.

மின்சாரம்? சுவிட்சை அணைத்தால் போதாது. ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் கையை விட வேண்டும். ஒயர் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலேறிப் போகும்படி இருக்கட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது.

சரி, எப்படித்தான் ஒழிப்பது?

சயனோபாக்டீரியாவுக்கு மருந்தில்லாத நல்ல வைத்தியம் இருட்டு. ஆனால் இருட்டைப் போடுவதற்கு முன்னால் செய்யும் வேலையில்தான் மீனின் உயிர் இருக்கிறது. படலத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சைஃபனில் உறிஞ்சி வெளியே எடுங்கள். வெளியே போன பாசி உள்ளே அழுகாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அவசரப்படாமல், ஒரு கையில் டியூபைப் பிடித்து, மறு கையால் படலத்தின் ஓரத்தை நெம்பிக் கொடுத்தால் துண்டு துண்டாகச் சிதறாமல் சுருண்டு டியூபுக்குள் போகும். கலக்கிவிட்டால் அது தொட்டி முழுக்கப் பரவிப் புது இடங்களில் பிடித்துக்கொள்ளும். இப்படி எடுக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரிலேயே ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசுங்கள். குழாயில் பிடித்துக் கழுவினால் குளோரின் பட்டு நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைப் போட்டு, சூட்டைக் கையால் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

பிறகு ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணியோ கனமான போர்வையோ போட்டு, துளி வெளிச்சம்கூட உள்ளே போகாமல் மூடுங்கள். மேலே மட்டும் காற்றுப் போக இடைவெளி விட்டு, அதற்கு மேல் அட்டை. மூன்று முழு நாள். தீனி வேண்டாம், ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் மூன்று நாள் பட்டினியை எளிதில் தாங்கும். தின்னாத தீனி அழுகுவதுதான் ஆபத்து. குஞ்சுகள் இருந்தால் மட்டும் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நடுநடுவே துணியை விலக்கி எட்டிப் பார்க்காதீர்கள். ஆனால் ஏர் பம்ப் சத்தம் கேட்கிறதா என்று காலையும் மாலையும் காது கொடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் ஏர் பம்ப்பைப் போட முடிந்தால் போடுங்கள், அல்லது பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இது இல்லாமல் இருட்டு வைத்தியத்தைத் தொடங்குவது விஷப்பரீட்சை.

மூன்றாம் நாள் முடிந்து துணியை எடுத்ததும் விளக்கைப் போட்டு அழகு பார்க்க வேண்டாம். செத்து நரைத்த படலம் ஆங்காங்கே மிதக்கும். அதை உடனே உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அமோனியாவையும் நைட்ரைட்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். இரண்டும் 0 என்று வரவேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்து மீண்டும் தலைதூக்கினால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்யலாம்.

ஓரிரு இடத்தில் மட்டும் பிடிவாதமாக ஒட்டியிருந்தால் அப்போது பெராக்சைடு. 3 சதவீதம் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். 40 லிட்டர் தொட்டிக்கு மொத்தம் 10 மில்லி. கையிலிருப்பது 6 சதவீதம் என்றால் 5 மில்லி எடுத்து, 5 மில்லி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்தி, சிரிஞ்சின் நுனியைப் படலத்தருகே வைத்து மெதுவாக விடுங்கள். குமிழி பொங்கும். மறக்காமல் ஃபில்டரைத் திரும்பப் போடுங்கள். இறால் தொட்டியில் இதுவும் வேண்டாம். பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். எந்த மருந்தானாலும் இதுதான் விதி. படுக்கப் போகுமுன் ஊற்றவே கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு அது ஏன் வந்தது என்று பார்க்காவிட்டால் பயனில்லை. ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா? தொட்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கறுப்புத் தாள் ஒட்டுங்கள். எல்இடி விளக்கு காலையிலிருந்து ராத்திரி வரை எரிகிறதா? டைமர் ஒன்று வாங்கி 6 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். சரளைக்கடியில் தீனியும் கழிவும் தேங்கியிருக்கிறதா, தண்ணீர் ஓட்டமில்லாத மூலை இருக்கிறதா என்று கவனியுங்கள். சயனோபாக்டீரியா அங்கேதான் முதலில் பிடிக்கும். நிறையச் செடி வைத்திருப்பவர்கள் நைட்ரேட்டையும் அளந்து பாருங்கள். அது 0 என்று வந்தால் செடிகள் பசியில் வாடும், சயனோபாக்டீரியா கொழுக்கும்; லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. செடியில்லாத, மீன் நெரிசலான தொட்டியில் பிரச்சினை நேர்மாறு: தீனியைக் குறைக்க வேண்டும், வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். கல்லின் மேல் லேசாகப் பச்சை படிந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். மீனும் நத்தையும் மேய்வதற்கு அது வேண்டும்.

ஏற்கெனவே மருந்து ஊற்றிவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும்போதே உங்கள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், உடனே ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். ஃபில்டர் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, தண்ணீர் சிதறி விழும்படி செய்யுங்கள். மின்சாரம் இல்லை என்றால் சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மாற்றி மாற்றி ஊற்ற வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சூடு ஒத்த, குளோரின் நீக்கிய தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் பிஎச் திடீரென்று மாறி, பிழைத்த மீனும் போய்விடும். ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். பல மருந்துகளை அது இழுத்துக்கொள்ளும், அமோனியாவை இழுக்காது. செத்த பாசியையும் செத்த மீனையும் உடனே வெளியே எடுங்கள். மறுநாள் காலையில் அமோனியா பாருங்கள். துளி தெரிந்தாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், அதற்கடுத்த நாளும் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் 0 என்று வரும்வரை தீனி போட வேண்டாம்.